பனி கம்பியில் நிற்கிறது, டிரம்மில் தண்ணீர் இல்லை

மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட் ஊருக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயங்களில் குடியிருப்பவர்களுக்குத் தண்ணீர்க் கவலை இரண்டு விதமாக வரும். பெருமழை பெய்தால் ஓடைக் குழாயில் சேறு வரும். ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைந்தால் குழாயில் வெறும் காற்று வரும். அந்த நாட்களிலும் பனிமூட்டம் வாசல்வரை வந்து போய்க்கொண்டுதான் இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான், அந்தப் பனியிலிருந்து தண்ணீர் பிடித்து டிரம்மில் சேர்க்கும் கம்பிச் சட்டம் கட்ட ஆரம்பித்தேன். தேயிலை ஆலையில் பிட்டர் வேலை பார்த்தவனுக்குக் கம்பியும் மரையும் புதிதல்ல. இப்போது கேமரன் மலையில் நாலைந்து வீடுகளில் இதே மாதிரி கட்டியிருக்கிறார்கள். எல்லாரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "இவ்வளவு பனி இருக்கே, தண்ணி ஏன் வரல?"

பதில் ஒன்றல்ல. ஆனால் பதிலைத் தேடும் இடம் ஒன்றுதான். பனி இருக்கும்போதே, விடியுமுன், டார்ச் எடுத்துக்கொண்டு சட்டத்தின் அருகில் போங்கள். எதையும் தொடாதீர்கள். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்து, துளி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கம்பியில் துளியே இல்லையா, நடுவழியில் நிற்கிறதா, இரண்டு கம்பிக்கு நடுவில் சிக்கியிருக்கிறதா, கீழ்த் தண்டில் தொங்குகிறதா? துளி நிற்கும் இடத்தில்தான் பழுது இருக்கிறது. வெயில் வந்தபிறகு போய்ப் பார்த்தால் எல்லாச் சட்டமும் ஒன்றுபோலவே இருக்கும்.

நான் சொல்வது எந்தச் சட்டத்தைப் பற்றி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 60 சென்டிமீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் உயரம். மேலே ஒன்று, கீழே ஒன்றாக எம் 10, அதாவது 10 மில்லிமீட்டர் தடிப்புள்ள மரைத் தண்டு. அதன் மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர். அந்த மரைக்குள் உட்காரும்படி 0.25 மில்லிமீட்டர் எவர்சில்வர் கம்பியை மேலும் கீழுமாகச் சுற்றிக்கொண்டே போனால் 400 சுற்று வரும், முன்பக்கம் 400 இழை, பின்பக்கம் 400 இழை. கம்பி ஏறக்குறைய 500 மீட்டர் பிடிக்கும். எல்லாம் செங்குத்து இழைகள், குறுக்கே ஒன்றும் கிடையாது. 2018-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் இப்படி யாழ் போன்ற சட்டத்தைச் செய்து, வழக்கமாகப் பனி பிடிக்கக் கட்டும் வலையை விட இது அதிகம் பிடிக்கிறது என்று காட்டினார்கள். ரெட்வுட் மரத்தின் ஊசி இலைகள் பனியைப் பிடித்துச் சொட்டவிடுவதைப் பார்த்து வந்த யோசனை அது. வலையில் குறுக்கு நூல் இருப்பதால் துளி வலைக் கண்ணுக்குள் சிக்கி அடைத்துக்கொள்ளும். யாழில் துளிக்குக் கீழே போவதைத் தவிர வேறு வழியில்லை.

கம்பி ஏன் இவ்வளவு மெல்லிதாக இருக்கவேண்டும்? பனித் துளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கிலிருந்து நாலு பங்குவரைதான் இருக்கும். தடித்த பொருள் எதிரே வந்தால் காற்று முன்கூட்டியே வளைந்து போகும், அதனோடு துளியும் வளைந்து போய்விடும். மெல்லிய கம்பியை நெருங்கும்போது காற்று கடைசி நொடியில்தான் விலகும். அதற்குள் துளி கம்பியில் மோதிவிடும். உங்கள் வீட்டிலேயே பார்க்கலாம்: பனி அடித்த காலையில் சுவர் லேசாக ஈரமாக இருக்கும், துணிக்கொடிக் கம்பியிலோ வரிசையாக முத்துக் கோத்திருக்கும்.

பனி கண்ணை மறைக்கிறது, கம்பி காய்ந்தே இருக்கிறது

இந்தக் குறை வந்தால் முதலில் கம்பியைச் சந்தேகிப்பதை விடுங்கள். தண்ணீரைக் கொண்டுவருவது காற்று. கம்பி அதை வழிமறிக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். ஒரு கன மீட்டர் பனியில் இருக்கும் தண்ணீர் பெரும்பாலும் 0.05 கிராமிலிருந்து 0.5 கிராம்வரைதான். 0.1 என்று வையுங்கள். காற்று நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வந்தால், ஒரு சதுர மீட்டர் வழியாக ஒரு மணி நேரத்தில் கடந்துபோகும் தண்ணீர் 1 லிட்டர் சொச்சம். அதில் ஐந்தில் ஒரு பங்கைப் பிடித்தால் 200 மில்லிலிட்டர். அதே பனி நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் நகர்ந்தால், கடந்துபோவதே 180 கிராம்தான். அதுவும் மெதுவாக வரும் துளி கம்பியைச் சுற்றி எளிதாக நழுவிவிடும். ஆகவே பள்ளத்தில் பால் ஊற்றிவைத்த மாதிரி அசையாமல் கிடக்கும் பனி பார்க்க அழகு, சட்டத்துக்குப் பயன் குறைவு. மேட்டில், இரண்டு குன்றுக்கு நடுவே புகுந்து ஓடும் பனிதான் தண்ணீர் தரும்.

காற்றைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். பனி இருக்கும் நேரத்தில் சட்டம் வைக்க நினைக்கும் இடத்தில் ஓர் ஊதுபத்தி ஏற்றுங்கள். புகை நேராக மேலே போனால் அந்த இடம் வேண்டாம். முகத்தில் காற்று படுகிறது, இலை சலசலக்கிறது என்றால் நொடிக்கு 2, 3 மீட்டர் இருக்கும். அது போதும். மரத்தையும் பாருங்கள். பிரிஞ்சாங் மலைக்குப் போகும் வழியில் பாசிக்காடு இருக்கிறதே, அந்த மரங்கள் காலங்காலமாகப் பனியைப் பிடித்துக் குடித்து வளர்ந்தவை. உங்கள் மேட்டிலும் மரக்கிளைகளில் பாசி தாடி மாதிரி தொங்கினால், அந்த இடம் உங்களுக்காகவே அடையாளம் வைத்துக் காத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

காற்று இருந்தும் காய்ந்திருந்தால், சட்டம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள். மேல் தண்டில் ஒரு ரிப்பன் துண்டு கட்டிவிடுங்கள். பனி வரும் நேரத்தில் ரிப்பன் சட்டத்துக்குக் குறுக்கே பறக்கவேண்டும். சட்டத்தோடு ஒட்டிப் பறந்தால் காற்று பக்கவாட்டில் போகிறது என்று அர்த்தம். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குக் காற்று, மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. நடுவில் மலைச்சரிவு தன் இஷ்டத்துக்குத் திருப்பிவிடும். அதனால் சட்டத்தை நிரந்தரமாகச் சிமெண்டில் புதைக்காமல், தூண் திரும்பும்படி வைத்தால் நல்லது. பக்கத்தில் காய்கறித் தோட்டத்துப் பிளாஸ்டிக் கூடாரம் இருந்தால் அதன் பின்னால் வைக்கவே வேண்டாம். அடிப்பக்கம் தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். உலகெங்கும் பனி அளக்க வைக்கும் ஒரு சதுர மீட்டர் சட்டத்துக்கும் 1994-இலிருந்து அதே உயரம்தான்.

இன்னொன்று. வெளியே வெள்ளையாக இருப்பதெல்லாம் பனிமூட்டம் இல்லை. 1997, 2015, 2019 ஆண்டுகளில் வந்தது போலப் புகைமூட்டம் வந்தால், அதில் பிடிக்கத் தண்ணீர் இல்லை. கம்பியை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள், கறுப்பாக வந்தால் அது புகை. புகைமூட்ட நாட்களில் சட்டத்தைத் தார்ப்பாலினால் மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்து வரும் பனி அந்தக் கரியையெல்லாம் கழுவி டிரம்மில் சேர்க்கும்.

துளி நிறைய இருக்கிறது, ஆனால் இறங்கவில்லை

கண்ணைக் கம்பிக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுபோய், ஒரே ஒரு துளியை மட்டும் பின்தொடருங்கள். முதலில் தூசு மாதிரி நுண்துளிகள் ஒட்டும். பக்கத்துத் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கடுகளவு வரும். அப்புறம் சட்டென்று வழுக்கி, வழியில் இருப்பதையெல்லாம் வாரிக்கொண்டு ஒரே ஓட்டமாகக் கீழே போகும். அது போன தடத்தில் கம்பி காலியாகி, மறுபடியும் நுண்துளி பிடிக்க ஆரம்பிக்கும். நல்ல சட்டத்தில் இந்த ஓட்டம் நடந்துகொண்டே இருக்கும்.

எல்லாக் கம்பியிலும் துளி உப்பி நிற்கிறது, ஓடவில்லை என்றால் கம்பியில் எண்ணெய் இருக்கிறது. புதுக் கம்பி ஆலையில் இழுக்கப்படும்போது பூசிய எண்ணெயோடுதான் கடைக்கு வரும். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். சோப்பு மிச்சம் இருக்கக் கூடாது. கழுவிய பிறகு விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விரல் எண்ணெயும் எண்ணெய்தான்.

குறிப்பிட்ட சில கம்பிகளில், அதுவும் தினமும் ஒரே உயரத்தில் நின்றால், அங்கே ஏதோ தடை. நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். மடிப்பு விழுந்திருந்தால் தட்டுப்படும். சுற்றும்போது கம்பி சுருள் போட்டு இழுபட்டால் வரும் மடிப்பு அது, நிமிர்த்தினாலும் சரியாகாது. ஒன்றிரண்டு என்றால் விட்டுவிடுங்கள். நிறைய இருந்தால் அந்தப் பகுதியைப் பிரித்துச் சுற்றுவதுதான் வழி. அடுத்த முறை கம்பி உருளையை நிறுத்திவைத்து மேலிருந்து உருவாதீர்கள். உருளைக்குள் ஒரு தண்டை விட்டு, அது சுழலச் சுழலக் கம்பி வரட்டும்.

பெரும்பாலான வீடுகளில் நான் பார்க்கும் தடை சிலந்தி வலை. பகலில் கண்ணுக்குத் தெரியாது. பனியில் பார்த்தால் கம்பிகளுக்குக் குறுக்கே ஊஞ்சல் கட்டியதுபோல் துளிகள் தொங்கும். பழைய டூத்பிரஷ் போதும், வாரம் ஒரு முறை எடுத்துவிடுங்கள். மருந்து அடிக்காதீர்கள், அதுவும் தண்ணீரோடு சேரும்.

இரண்டு மூன்று கம்பிகள் ஒட்டிக்கொள்கின்றன

யாழ்ச் சட்டத்தின் பெரிய வியாதி இதுதான். நனைந்த தலைமுடி கற்றை கற்றையாகச் சேருமே, அதே கதை. இரண்டு கம்பிக்கு நடுவே ஒரு துளி பாலம் போட்டால், தண்ணீரின் இழுப்பு கம்பிகளையே கிட்டே இழுத்துவிடும். ஒட்டிய இடத்தில் தண்ணீர் தங்கும், பக்கத்தில் பெரிய இடைவெளி விழும், அதன் வழியே பனி பிடிபடாமல் ஓடிவிடும். விரலால் பிரித்துவிட்டால் ஐந்து நிமிடத்தில் மறுபடியும் ஒட்டும்.

மருந்து இழுவிசைதான். காய்ந்த நேரத்தில் ஒவ்வொரு கம்பியையும் நகத்தால் மீட்டுங்கள். இறுக்கமான கம்பி மெல்ல ரீங்காரம் இடும், தொய்ந்தது தொப்பென்று அடங்கும். தொய்ந்தவை எந்த இடத்தில் இருக்கின்றன என்று சுண்ணக்கட்டியால் மேல் தண்டில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிதான் அடுத்து என்ன செய்வது என்று சொல்லும்.

குறிகள் நடுப்பகுதியில் குவிந்திருந்தால், கம்பியில் தப்பில்லை, தண்டு வளைந்திருக்கிறது. ஓர் இழைக்கு 200 கிராம் இழுவிசை என்பது மிகக் குறைவுதான். ஆனால் 800 இழைக்கு அது 160 கிலோ! இரண்டு ஆள் தொங்குகிற பாரம். மரைத் தண்டு அதைத் தனியாகத் தாங்காது, உள்பக்கமாக வளையும். வளைந்ததும் நடுவில் இருக்கும் கம்பிகள் தளர்ந்துபோகும். நீளமான அடிமட்டம் ஒன்றைத் தண்டின்மேல் வைத்துப் பாருங்கள், நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அதுதான். தண்டுக்குப் பின்னால் சதுர இரும்புக் குழாய் ஒன்றை வைத்து மூன்று இடத்தில் இறுக்கிக் கட்டினால் பிரச்சினை தீரும். நடுவில் ஒரு செங்குத்துக் கட்டை கொடுத்தாலும் சரி. எம் 6 தண்டு வாங்கலாமா என்று கேட்கிறார்கள். அதன் மரை 1 மில்லிமீட்டர் என்பதால் கம்பி நெருக்கமாக வரும், பனி இன்னும் பிடிக்கும், உண்மைதான். ஆனால் தண்டு நாணல் மாதிரி வளையும், கம்பியும் சீக்கிரம் ஒட்டும். முதல் சட்டத்துக்கு வேண்டாம்.

சுற்றிய வரிசையில் முதலில் சுற்றியது தளர்ந்து, கடைசியில் சுற்றியது இறுக்கமாக இருந்தால், அதுவும் தண்டு வளைவின் வேலைதான். சுற்ற ஆரம்பிக்குமுன்னே மேல் தண்டுக்கும் கீழ்த் தண்டுக்கும் நடுவே முட்டுக்கட்டை கொடுத்துவிட்டுச் சுற்றுங்கள்.

குறி எல்லா இடத்திலும் இருக்கிறது, அதுவும் விடியலில் தொய்வு, மத்தியானம் இறுக்கம் என்று மாறுகிறதா? அப்படியானால் நீங்கள் தூண்டில் நைலான் நரம்பைக் கட்டியிருக்கிறீர்கள். நைலான் தண்ணீரை உறிஞ்சி நீளும். பனி வருகிற நேரம் பார்த்துத் தளர்ந்து, பனி போனபிறகு இறுகும். விலை மலிவு, துருப்பிடிக்காது என்று நானும் முதலில் அதைத்தான் கட்டினேன், இரண்டு வாரம் தினமும் இறுக்கிக்கொண்டே இருந்தேன். எவர்சில்வருக்கு மாறிவிடுங்கள். செம்புக் கம்பி நீண்டுகொண்டே போகும், கால்வனைஸ் கம்பியின் துத்தநாகம் தண்ணீரில் இறங்கும். இரண்டும் வேண்டாம்.

கம்பியில் ஓடுகிறது, டிரம்முக்கு வரவில்லை

இந்தக் குறையை எனக்குக் காட்டிக்கொடுத்தது பக்கத்து லயத்துப் பெரியம்மா. முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். விடியற்காலை நிரைக்குப் போகும் வழியில் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, உன் பீலி ஒரு பக்கம் இருக்கு, தண்ணி ஒரு பக்கம் சொட்டுது பாரு" என்றார். குனிந்து பார்த்தேன். கீழ்த் தண்டுக்கு நேர் கீழே, சொட்டும் தண்ணீரை ஏந்தி டிரம்முக்குக் கொண்டுபோகும் பீலி காய்ந்திருந்தது, அதற்கு அரை அடி பின்னால் புல் மட்டும் ஒரு கோடு போட்டதுபோல நனைந்திருந்தது. காற்று துளியைச் சாய்த்துக் கொண்டுபோயிருக்கிறது! பனி பிடிக்கவேண்டும் என்றால் காற்று வேண்டும், காற்று இருந்தால் துளி நேராக விழாது. இதை யோசிக்காமல் நான் பீலியைச் சரி நடுவில் வைத்திருந்தேன்.

4 அங்குல பிவிசி குழாயை நீளவாக்கில் பிளந்தால் நல்ல பீலி. அதன் விளிம்பு காற்று வரும் பக்கம் தண்டைத் தாண்டி விரல் கடை அளவு, காற்று போகும் பக்கம் மீதி முழுவதும் இருக்கும்படி தள்ளி வையுங்கள். தண்டுக்கும் பீலிக்கும் இடைவெளி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

காற்று குறைந்த நாளிலும் தண்ணீர் குறைகிறது என்றால், தண்டின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். மரைப் பள்ளங்களில் தண்ணீர் தேங்கி, வரிசையாகத் துளி தொங்கிக்கொண்டிருக்கும். வெயில் வந்ததும் அது ஆவியாகிவிடும். கீழ்த் தண்டை ஒரு பக்கம் ஒரு சென்டிமீட்டர் தாழ்த்தி, தாழ்ந்த முனையில் ஒரு பருத்தி நூலைக் கட்டிப் பீலிக்குள் விடுங்கள். துளிகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நூல் வழியாக இறங்கும். பீலிக்கும் சாய்வு வேண்டும். ஒரு குவளைத் தண்ணீரை அளந்து பீலியில் ஊற்றி, மறுமுனையில் எவ்வளவு வருகிறது என்று அளந்தால் எவ்வளவு தங்குகிறது என்று தெரிந்துவிடும். இரவெல்லாம் சேர்ந்தது நூறு மில்லிலிட்டர் என்றால், பீலியில் தங்கும் முப்பது மில்லிலிட்டர் பெரிய நஷ்டம்.

ஒரு நாள் டிரம் நிறைகிறது, மறுநாள் சொட்டு இல்லை

நிறைந்தது மழை. நம் மலையில் ஆண்டு மழை 2,500 மில்லிமீட்டரைத் தாண்டும், அதில் பனிக் கணக்கு எளிதில் மறைந்துபோகும். பக்கத்திலேயே கம்பி இல்லாத வெறும் சட்டம் ஒன்றை, அதே அளவுப் பீலியோடு வையுங்கள். அதில் சேர்வதை இதில் கழித்தால் மிஞ்சுவது பனி. சிலி நாட்டின் வட கடலோரத்தில், எல் தோஃபோ மலையில் 48 சதுர மீட்டர் வலைகளைக் கட்டி சுங்குங்கோ கிராமத்துக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள். அங்கேயே சராசரி, சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர்தான். நம் சட்டம் 0.36 சதுர மீட்டர். நல்ல இரவில் அரை லிட்டர் வந்தால் சட்டம் சரியாக வேலை செய்கிறது. நாற்று மேடைக்கு வேண்டும் என்றால் சட்டத்தின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், ஒரே சட்டத்தை உயரமாக்காதீர்கள். கம்பி நீண்டால் ஒட்டும்.

தண்ணீரில் நிறம், வாடை, புழு

பழுப்பு நிறம் என்றால் இரும்புச் சட்டம் அல்லது ஆணி துருப்பிடித்திருக்கிறது, சாயம் பூசுங்கள். பச்சை என்றால் டிரம்முக்குள் வெளிச்சம் போகிறது, கறுப்பு டிரம்முக்கு மாற்றுங்கள். மருந்து வாடை வந்தால் அன்றைய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கீழே காய்கறித் தோட்டங்களில் மருந்து அடித்த நாளில் பனி அதையும் சுமந்துகொண்டு வரும். இந்தக் காரணத்தாலேயே இந்தத் தண்ணீரைக் குடிக்கச் சொல்லமாட்டேன். நாற்றுக்கும் பூச்செடிக்கும் வாசல் கழுவவும் நல்லது. டிரம் வாயில் கொசு வலை இறுக்கமாகக் கட்டியிருக்கவேண்டும். ஏடிஸ் புழு கண்டால் அபராதமும் உண்டு, டெங்கி வந்தால் அதைவிடக் கொடுமை.

இடி இடிக்கும்போது மேட்டில் இருக்கும் இரும்புச் சட்டத்தருகே போகவேண்டாம், எவ்வளவு தண்ணீர் வழிந்தாலும் சரி.

ஒரு கம்பி அறுந்தது, எல்லாம் தளர்ந்துவிட்டது

ஒரே கம்பியாகச் சுற்றியதன் விளைவு. பறவை மோதினாலும், கிளை விழுந்தாலும், ஒரு இடத்தில் அறுந்தால் 400 சுற்றும் மெல்ல நழுவும். சுற்றும்போதே இருபது சுற்றுக்கு ஒரு முறை, மேல் தண்டிலும் கீழ்த் தண்டிலும் மரைக்குள் ஒரு பொட்டு எபாக்சி பசை வைத்துக் காயவிடுங்கள். ஏற்கெனவே கட்டிய சட்டத்துக்கும் இன்றே வைக்கலாம். அப்புறம் அறுந்தால் அந்த இருபதோடு போகும். அறுந்ததை நடுவில் முடிச்சுப் போட்டு இணைக்காதீர்கள், துளி அந்த முடிச்சில் நின்றுவிடும். அந்த இருபதை மட்டும் வெட்டி எடுத்து, புதுக் கம்பியை மேல் பசையில் தொடங்கிக் கீழ்ப் பசையில் முடியுங்கள். மத்தியானம் உட்கார்ந்தால், சாயங்காலப் பனி ஏறுமுன் முடித்துவிடலாம்.